பழைய கிராபிக்ஸ் கார்டைப் புதிய லினக்ஸ் கர்னலில் ஓடவைக்க: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து டியூஷன் வகுப்புகளிலும் கொமியூனிகேஷன் கடைகளிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி இது: "லினக்ஸ் போட்டோம், லோகோ வந்தது, அப்புறம் திரை கறுப்பு. இப்ப என்ன செய்யிறது?" பெட்டியைத் திறந்தால் உள்ளே ஜிடி 210, ஜிடி 610, ஜிடி 730 மாதிரி ஏதாவது ஒரு கார்ட் இருக்கும். கொழும்பில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெஷினோடு சேர்ந்து மலையேறி வந்தது அது.

புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் வரிசையில்தான். புத்தம் புதிய லினக்ஸைப் போட்டுவிட்டு, அதற்குப் பொருந்தும் டிரைவரைத் தேடி அலைகிறார்கள். பழைய கார்டுக்கு இது தலைகீழாகப் போக வேண்டும். முதலில் கார்ட், பிறகு அதற்குரிய டிரைவர், பிறகு அந்த டிரைவர் தாங்கும் கர்னல் (லினக்ஸின் மையப் பாகம்). எந்த லினக்ஸ் என்பது கடைசியில்தான் வரும். கீழே உள்ள படிகளை அதே ஒழுங்கில் செய்யுங்கள்.

கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். இடைவெளியும் கோடும் இங்கே இருப்பது போலவே இருக்கட்டும்.

1. கார்ட் எது என்று உறுதிசெய்யுங்கள்

பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம், கடைக்காரர் சொன்னதையும் நம்ப வேண்டாம். லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் பென்டிரைவ்) மெஷினை ஏற்றி, டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ என்று அடியுங்கள். நீளமாக வரும் பட்டியலில் ‘விஜிஏ’ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். லைவ் யுஎஸ்பியிலேயே திரை கறுத்தால் 6-ஆம் படியை முதலில் பாருங்கள். மெஷினில் விண்டோஸ் இன்னும் இருந்தால் டிவைஸ் மேனேஜரில் கார்டின் ‘ஹார்ட்வேர் ஐடிஸ்’ பகுதியிலும் இதே எண்கள் இருக்கும்.

அந்த வரியில் இரண்டு விஷயம் வேண்டும். முதலாவது, சதுர அடைப்புக்குள் இருக்கும் எண் ஜோடி. 10டிஇ என்று தொடங்கினால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். இரண்டாவது, சிப்பின் குறிப்பெயர்: ஜிடி218, ஜிஎஃப்108, ஜிகே208, சீடர், கைகோஸ் என்று இருக்கும். டிரைவரைத் தீர்மானிப்பது இந்தக் குறிப்பெயர்தான். கார்டின் வணிகப் பெயருக்கு அதில் வேலையில்லை.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரே பெயரில் வெவ்வேறு தலைமுறைச் சிப்புகள் விற்கப்பட்டிருக்கின்றன. ஜிடி 730 என்ற பெயரில் ஃபெர்மி தலைமுறையின் ஜிஎஃப்108 சிப்பும் உண்டு, கெப்ளர் தலைமுறையின் ஜிகே208 சிப்பும் உண்டு. முதலாவதன் எண் 10டிஇ:0எஃப்02, இரண்டாவதன் எண் 10டிஇ:1287. இரண்டுக்கும் டிரைவர் வேறு வேறு. ஜிடி 630-இலும் இதே குழப்பம். ஜிடி 610, பெயரில் 600 வரிசை என்றாலும் உள்ளே ஜிஎஃப்119, அதாவது ஃபெர்மி. "600 வரிசை கெப்ளர்தானே" என்று 470 டிரைவரைப் போட்டு, கார்ட் கண்ணில் படவேயில்லை என்று வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த 610 காரர்கள்தான்.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஒன்லைனில் நம்ப முடியாத விலைக்கு வரும் ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ’ கார்டுகளில் சில, ஸ்டிக்கரும் பயோஸும் மாற்றப்பட்ட பழைய ஃபெர்மி கார்டுகள். பெயர் 1050 டிஐ, ஆனால் சிப் ஜிஎஃப் என்று தொடங்குகிறது என்றால், அதற்குப் புதிய டிரைவர் எதுவும் ஏறாது. நேரத்தை வீணாக்காமல் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

2. சிப்புக்கு எந்த டிரைவர்

என்விடியா தன் பழைய சிப்புகளைக் கட்டம் கட்டமாகக் கைவிட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கடைசி டிரைவர் உண்டு.

ஜிஃபோர்ஸ் 6, 7 வரிசைகளுக்கு 304.137. அது 2017-இல் வந்தது. இன்று அதைத் தொடவே வேண்டாம்.

குறிப்பெயர் ஜி8, ஜி9, ஜிடி2 என்று தொடங்கும் டெஸ்லா தலைமுறைக்கு 340.108. கடைசியாக வந்தது 2019 டிசம்பரில். 8400 ஜிஎஸ், 9500 ஜிடி, ஜிடி 210 எல்லாம் இந்தக் கூட்டம்.

ஜிஎஃப் என்று தொடங்கும் ஃபெர்மிக்கு 390.157, 2022 நவம்பர்.

ஜிகே என்று தொடங்கும் கெப்ளருக்கு 470.256.02, 2024. ஜிடி 710-உம் பெரும்பாலான ஜிடி 730-உம் இதில் அடங்கும்.

ஜிஎம், ஜிபி என்று தொடங்குபவை மேக்ஸ்வெல், பாஸ்கல். இவற்றுக்கு 580 தான் கடைசி வரிசை. இந்தக் கார்ட் இருப்பவர்கள் 580-ஐச் சாதாரணமாக நிறுவிக்கொண்டு போகலாம், கீழே உள்ள பாடு எதுவும் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

3. அந்த டிரைவர் உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

பாதிப் பேருக்கு வேலை இந்தப் படியிலேயே முடிந்துவிடும்.

ஏஎம்டி கார்ட் என்றால் தனியாக எந்த டிரைவரும் இறக்க வேண்டாம். எச்டி 5450, எச்டி 6450 போன்றவற்றுக்கு வேண்டிய ‘ரேடியான்’ டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஏஎம்டியின் பழைய ‘கேட்டலிஸ்ட்’ பொதியைத் தேடிப் போகாதீர்கள், அது செத்துப் பல வருடம் ஆகிறது. ஏஎம்டியில் வரும் ஒரே தொல்லை ஃபேர்ம்வேர் (கார்டுக்குள் ஏற்றப்படும் சிறு நிரல்): டெபியன் லினக்ஸில் ‘ஃபேர்ம்வேர்-ஏஎம்டி-கிராபிக்ஸ்’ பொதி இல்லாவிட்டால் படம் வரும், ஆனால் ஆமை வேகத்தில் வரும். எச்டி 7750, ஆர்7 240 போன்ற முதல் தலைமுறை ஜிசிஎன் கார்டுகளில் வல்கன் (புதிய கேம்கள் கேட்கும் 3டி வசதி) வேண்டுமென்றால் மட்டும், கிரப் (மெஷினை ஏற்றும் பூட் மெனு) வரியில் ‘ரேடியான்.எஸ்ஐ_சப்போர்ட்=0 ஏஎம்டிஜிபியு.எஸ்ஐ_சப்போர்ட்=1’ என்று சேருங்கள். பழைய ரேடியான் டிரைவரில் வல்கன் கிடையாது, அதனால்தான் இந்த மாற்றம்.

அடுத்து மதர்போர்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஐ3-2100, ஐ3-3220 மாதிரி ப்ரொசெசர் இருந்து, போர்டிலேயே விஜிஏ அல்லது எச்டிஎம்ஐ துளை இருந்தால், ஜிடி 210-ஐக் கழற்றி வைத்துவிட்டு கேபிளை அங்கே குத்துங்கள். இன்டெல்லின் டிரைவர் கர்னலில் இருக்கிறது, ஒவ்வொரு புதிய கர்னலோடும் தானாக வரும். டைப்பிங், பாஸ்பேப்பர் பிடிஎஃப், ஸூம் வகுப்பு, யூடியூப் பாடம் ஆகியவற்றுக்கு அது 210-ஐ விட மோசமில்லை. கார்டைக் கழற்றச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்குகிறது. "கார்ட் போட்ட மெஷின்" என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கியதாயிற்றே! இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

போர்டில் கிராபிக்ஸ் இல்லை, கார்ட் டெஸ்லா தலைமுறை என்றால் என்விடியா கார்டுகளுக்கான திறந்தமூல டிரைவரான ‘நூவோ’வோடு நின்றுகொள்ளுங்கள். அது கர்னலோடு வருகிறது. 340.108-ஐ இன்றைய கர்னலில் ஏற்ற வெளியார் எழுதிய ஒட்டுத் திருத்தங்கள் வேண்டும், திரையை வரையும் எக்ஸ் சேர்வரின் (எக்ஸோர்க்) பதிப்பும் ஒத்துவர வேண்டும். ஒரு மெஷினுக்காக இந்தப் பாடு படலாம், வகுப்பறை நிறைய மெஷின்களுக்குக் கட்டாது.

நூவோவில் ஒரு குறை உண்டு. கார்டை அது பெரும்பாலும் ஆரம்ப வேகத்திலேயே வைத்திருக்கும். டெஸ்லா, கெப்ளர் கார்டுகளில் கையால் வேகத்தைக் கூட்டலாம்: ‘/சிஸ்/கர்னல்/டீபக்/டிஆர்ஐ/0/பிஸ்டேட்’ என்ற கோப்பை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) திறந்தால் எந்தெந்த வேகங்கள் இருக்கின்றன என்று தெரியும். ஃபெர்மியில் இந்த வழி ஒழுங்காக வேலை செய்யாது. அதனால்தான் பழைய டிரைவருக்காக உண்மையில் மினக்கெட வேண்டியவர்கள் ஃபெர்மிக்காரர்களும் கெப்ளர்க்காரர்களும். அதிலும் கேம் விளையாட வேண்டும், 3டி வேலை செய்ய வேண்டும், நூவோவில் திரை அடிக்கடி உறைகிறது என்ற காரணங்களில் ஏதாவது ஒன்று இருந்தால் மட்டும் மேலே போங்கள். பிளெண்டருக்காக என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இன்றைய பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரர் ஃபெர்மி கார்டை ஏற்றுக்கொள்வதில்லை.

4. கர்னலைத் தேர்ந்தெடுங்கள்

என்விடியா டிரைவரில் இரண்டு பாகம் உண்டு. பெரிய பாகம் மூடிய பொதியாக வருகிறது, அதை யாரும் திருத்த முடியாது. சிறிய பாகம் மூலநிரலாக வந்து, உங்கள் மெஷினில் உங்கள் கர்னலுக்கு ஏற்றபடி கம்பைல் ஆகிறது, அதாவது இயங்கும் நிரலாக மாறுகிறது. கர்னலின் உள்செயல்பாடுகள் மாறாமல் இருக்கும் என்று லினக்ஸ் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. கர்னல் 5.6-இல் ‘ஐஓரிமேப்_நோகேஷ்’ என்ற செயற்கூறு நீக்கப்பட்டது. 6.3-இல் நினைவகப் பகுதிகளின் கொடிகளை நேரடியாக மாற்றுவது தடுக்கப்பட்டது. 6.5-இல் ‘கெட்_யூசர்_பேஜஸ்’ கூற்றின் உள்ளீடுகள் குறைந்தன. என்விடியா கைவிட்ட டிரைவருக்கு இந்த மாற்றங்களை யாரும் அங்கே எழுதிச் சேர்ப்பதில்லை, அதனால் கம்பைல் பாதியில் முறிகிறது. கார்டில் பழுது எதுவும் இல்லை, நீங்களும் எதையும் கெடுக்கவில்லை.

ஆகவே, பழைய டிரைவருக்கான திருத்தங்களை லினக்ஸ் விநியோகமே (மின்ட், டெபியன் போன்றவை) பார்த்துக்கொள்ளும் இடத்தில் போய் நில்லுங்கள்.

ஃபெர்மி, 390 டிரைவர்: லினக்ஸ் மின்ட் 21.3. இது உபுண்டு 22.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, 5.15 கர்னலோடு வருகிறது, 390 டிரைவர் அதன் களஞ்சியத்திலேயே உண்டு. ஆதரவு 2027 ஏப்ரல் வரை. ஒரு எச்சரிக்கை: மின்ட் 21.3-இல் ‘எட்ஜ்’ என்று தனி ஐஎஸ்ஓ (நிறுவல் கோப்பு) ஒன்று இருக்கிறது. அதில் 6.5 கர்னல். "புதுசு நல்லதுதானே" என்று அதை இறக்கிவிடாதீர்கள். உபுண்டு 22.04-ஐ நேரடியாகப் போட்டாலும் இதே பொறி காத்திருக்கிறது, ஏனென்றால் அதன் பிந்திய டெஸ்க்டொப் ஐஎஸ்ஓக்கள் 6-ஆம் வரிசைக் கர்னலோடு வருகின்றன.

கெப்ளர், 470 டிரைவர்: மின்ட் 21.3 போதும். அல்லது டெபியன் 12, கர்னல் 6.1. அதில் பொதியின் பெயர் ‘என்விடியா-டெஸ்லா-470-டிரைவர்’. பெயரில் டெஸ்லா என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது கெப்ளருக்கும் உரியதே. டெபியனில் ‘கொன்ட்ரிப்’, ‘நொன்-ஃப்ரீ’ களஞ்சியங்களை முதலில் திறந்துவிட வேண்டும். புதிய மின்ட்தான் வேண்டும் என்றால் 6.8 கர்னலோடு வந்த 22 அல்லது 22.1.

டெஸ்க்டொப் சூழலைத் தேர்ந்தெடுக்கும்போது எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே, சினமன் ஆகியவற்றில் ஒன்றை எடுங்கள். திரையை வரையும் புதிய முறையான வேலண்டுக்கு வேண்டிய ஜிபிஎம் வசதி என்விடியாவில் 495 வரிசையில்தான் வந்தது. 470-க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் பழைய முறையான எக்ஸோர்க்தான் கதி. புதிய க்னோம் பதிப்புகள் எக்ஸோர்க்கைக் கைவிட்டு வருவதால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

5. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஐஎஸ்ஓ மூன்று ஜிபி வரை வரும். அதற்கு மேல் டிரைவர், ஹெடர், கம்பைலர் (8-ஆம் படியில் வரும்) என்று இன்னும் சில நூறு எம்பி போகும். தோட்டத்துக்குள் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடும் இடத்தில் நிறுவலின் நடுவே இறக்க நினைப்பது வேலைக்காகாது. டவுனில் நல்ல கனெக்‌ஷன் இருக்கும்போதே ஐஎஸ்ஓவை இறக்கி, அதன் செக்சம்மை (கோப்பு பிழையின்றி இறங்கியதா என்று காட்டும் குறியெண்) சரிபார்த்து, யுஎஸ்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பாதி இறங்கிய ஐஎஸ்ஓவும் கறுப்புத் திரைதான் காட்டும், பழி டிரைவர் மேல் விழும்.

பல மெஷின்களுக்கு என்றால், முதல் மெஷினில் எல்லாம் முடிந்ததும் ‘/வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ்’ கோப்புறையில் டெப் கோப்புகள் மிஞ்சியிருந்தால் அவற்றை ஒரு பென்டிரைவில் பிரதி எடுங்கள். மற்ற மெஷின்களில் அதே கோப்புறைக்குள் போட்டுவிட்டால் டேட்டா மிச்சம்.

யுபிஎஸ் கட்டாயம். டிரைவர் நிறுவும்போது இனிட்ராம்எஃப்எஸ் என்ற பூட் கோப்பு திரும்ப எழுதப்படுகிறது. அந்த நேரம் கரண்ட் போனால் மெஷின் எழும்பாமல் போகலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இறங்குகிற நாட்களில் இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டை ஒருமுறை கழற்றி, பொன்னிறக் கால்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் போடுங்கள். மிஸ்ட் இறங்கும் ஊர்களில் அந்தக் கால்கள் மங்கிப் போகின்றன. தொடர்பு சரியில்லாத கார்டும், டிரைவர் இல்லாத கார்டும் திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும். விசிறி சுற்றுகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

கோப்புகளைப் பிரதி எடுத்து வைக்கும்படி தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

6. நிறுவும்போது திரை கறுத்தால்

யுஎஸ்பி மெனுவில் முதல் வரியில் நின்றுகொண்டு ‘இ’ விசையை அழுத்துங்கள். ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் முடிவில் ஒரு இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்று அடித்து, எஃப்10 அழுத்துங்கள். மின்ட்டின் மெனுவில் இருக்கும் ‘கொம்பட்டிபிளிட்டி மோட்’டும் இதே வேலையைச் செய்யும். கர்னல் தன் கிராபிக்ஸ் டிரைவரை ஏற்றாமல், பயோஸ் கொடுக்கும் எளிய திரையிலேயே ஓடும்.

இது நிறுவி முடிக்கும் வரைக்கான ஊன்றுகோல் மட்டுமே. பலர் இதை ‘/இடிசி/டிஃபால்ட்/கிரப்’ கோப்பில் நிரந்தரமாக எழுதிவிட்டு, "லினக்ஸ் ரொம்ப ஸ்லோ" என்கிறார்கள். நோமோட்செட் இருக்கும்வரை நூவோ, ரேடியான், இன்டெல் மூன்றுமே வேலை செய்யாது.

7. கர்னல் வரிசையைக் கட்டிப்போடுங்கள்

டிரைவருக்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். முதலில் ‘யூநேம் -ஆர்’ அடித்து, ஓடுவது 4-ஆம் படியில் தேர்ந்த கர்னல் வரிசைதானா (மின்ட் 21.3 என்றால் 5.15) என்று பாருங்கள். அப்புறம், மின்ட் 21.3-இல் ‘லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-22.04’ என்ற பொதி நிறுவப்பட்டிருந்தால் அதை நீக்கி, ‘லினக்ஸ்-ஜெனரிக்’ என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எச்டபிள்யூஇ பொதிதான் உங்களைக் கேட்காமல் அடுத்த பெரிய கர்னலுக்குத் தள்ளிவிடுவது.

கர்னல் புதுப்பிப்பையே முழுவதுமாக நிறுத்தச் சொல்லும் அறிவுரையும் கேட்டிருப்பீர்கள். அது வேண்டாம். 5.15 வரிசைக்குள் வருகிற புதுப்பிப்புகள் பாதுகாப்புத் திருத்தங்கள், அவற்றில் டிரைவர் உடைவது அபூர்வம். வரிசை தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். மின்ட்டின் அப்டேட் மேனேஜரில் ‘லினக்ஸ் கர்னல்ஸ்’ பகுதியில் 6-ஆம் வரிசை நிறுவுவதற்குத் தயாராகத் தெரியும். அதைத் தொடாதீர்கள். ஆய்வகத்தில் மாணவர்கள் கை வைக்கிற மெஷின் என்றால், அவர்களுக்கு நிர்வாகி உரிமை இல்லாத கணக்கு கொடுங்கள்.

8. ஹெடர், கம்பைலர், டிகேஎம்எஸ்

மின்ட்டில்: ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் பில்ட்-எசென்ஷியல் டிகேஎம்எஸ் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்’

டிகேஎம்எஸ் என்பது, கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரின் சிறிய பாகத்தைத் தானே மறுபடி கம்பைல் செய்து வைக்கும் ஏற்பாடு. அதற்கு அந்தந்தக் கர்னலின் ஹெடர் கோப்புகள் வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். பல குறிப்புகளில் இப்போது ஓடும் கர்னலின் எண்ணுக்குரிய ஹெடரை மட்டும் நிறுவச் சொல்லியிருக்கும். அன்றைக்கு எல்லாம் வேலை செய்யும். கொஞ்ச நாள் கழித்துக் கர்னல் புதுப்பிப்பு வரும், அதன் ஹெடர் வராது. டிகேஎம்எஸ் பேசாமல் விட்டுவிடும். மறுநாள் காலையில் கறுப்புத் திரை. "நாங்க ஒண்ணுமே செய்யல்ல சேர், தானா போச்சு" என்று வருபவர்கள் சொல்வது உண்மைதான். ‘ஜெனரிக்’ என்று முடியும் பொதியை நிறுவினால், கர்னலோடு ஹெடரும் எப்போதும் கூடவே வரும்.

ஏற்கனவே 6.5-க்குப் போய்விட்ட 22.04 மெஷின்களில் இன்னொரு தடங்கல் வரும். அந்தக் கர்னல் ஜிசிசி 12-ஆல் கட்டப்பட்டது. மெஷினில் இயல்பாக இருப்பது 11. ‘ஜிசிசி-12 இல்லை’ என்ற பொருள்படும் பிழை வந்தால் ‘ஜிசிசி-12’ பொதியை நிறுவுங்கள்.

9. டிரைவரை ஏற்றுங்கள்

மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்து 390 அல்லது 470-ஐத் தேர்ந்தெடுக்கலாம். நான் டெர்மினலையே விரும்புவேன், பிழை கண்ணுக்குத் தெரியும்: ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் என்விடியா-டிரைவர்-390’.

என்விடியா தளத்திலிருந்து ‘ரன்’ என்று முடியும் கோப்பை இறக்காதீர்கள். விண்டோஸ் பழக்கத்தில் எல்லாரும் முதலில் ஓடுவது அங்கேதான். விநியோகம் சேர்த்து வைத்திருக்கும் கர்னல் திருத்தங்கள் அந்தக் கோப்பில் இல்லை. தவிர, அது பொதிகளை நிர்வகிக்கும் ஆப்ட்டுக்குத் தெரியாமல் நூலகக் கோப்புகளை மாற்றி எழுதிவிடும், பிறகு ஆப்ட் அவற்றின் மேல் எழுதும், இரண்டும் கலந்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று பிரிப்பது பெரும்பாடு. ஏற்கனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால் ‘சூடோ என்விடியா-அன்இன்ஸ்டோல்’ என்று அடித்து முதலில் அதை வெளியேற்றுங்கள். நூவோவைத் தடுக்கும் கோப்பையும் பொதியே எழுதிக்கொள்ளும், நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை.

நிறுவி முடிந்ததும் ரீஸ்டார்ட் கொடுக்கக் கை துடிக்கும். நில்லுங்கள். ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ அடியுங்கள். உங்கள் கர்னல் எண்ணுக்கு நேரே ‘இன்ஸ்டோல்ட்’ என்று இருந்தால் மட்டும் ரீஸ்டார்ட் செய்யலாம். ‘ஆடெட்’ என்று மட்டும் இருந்தால் கம்பைல் ஆகவில்லை என்று பொருள். திரை இன்னும் வேலை செய்யும்போதே சரிசெய்வது, கறுத்த பிறகு சரிசெய்வதை விட எவ்வளவோ சுலபம்.

கம்பைல் முறிந்திருந்தால் ‘/வார்/லிப்/டிகேஎம்எஸ்/என்விடியா/390.157/பில்ட்/மேக்.லொக்’ கோப்பைத் திறந்து, மேலிருந்து தேடி முதலாவது ‘எரர்’ வரியைக் கண்டுபிடியுங்கள். கடைசி வரியைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள், அதில் ஒன்றும் இருக்காது. முதல் பிழை கம்பைலர் இல்லை என்றாலோ ஹெடர் இல்லை என்றாலோ 8-ஆம் படிக்குத் திரும்புங்கள். ‘இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்’, ‘ஹேஸ் நோ மெம்பர்’ என்ற சொற்கள் இருந்தால் கர்னல் டிரைவரைத் தாண்டிப் போய்விட்டது. அப்படியென்றால் 4-ஆம் படியில் கர்னலைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள்.

10. செக்யூர் பூட்

‘மொக்யுடில் --எஸ்பி-ஸ்டேட்’ அடித்தால் செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) இயங்குகிறதா இல்லையா என்று சொல்லும். இயங்கினால், கையொப்பம் இல்லாத டிரைவர் மொட்யூலைக் கர்னல் ஏற்காது. பயோஸில் அதை அணைத்துவிடுவது சுலபம். அணைக்க விருப்பமில்லை என்றால், நிறுவும்போது கேட்கும் கடவுச்சொல்லைக் குறித்து வைத்து, அடுத்த பூட்டில் வரும் நீலத் திரையில் ‘என்ரோல் மொக்’ என்பதைத் தேர்ந்து அதே சொல்லைக் கொடுங்கள். அந்தத் திரை சில விநாடிதான் நிற்கும். தேநீர் போடப் போய்விட்டால் அது தாண்டிப் போய்விடும்.

11. சரியாக ஏறியதா

‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ மறுபடி. விஜிஏ வரிக்குக் கீழே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்: என்விடியா’ என்று இருக்க வேண்டும். பிறகு ‘மெசா-யுடில்ஸ்’ நிறுவி ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ -பி’, இதில் பி மட்டும் பெரிய எழுத்தில். ரெண்டரர் வரியில் கார்டின் பெயர் வந்தால் முடிந்தது. ‘எல்எல்விஎம்பைப்’ என்று வந்தால், படத்தைக் கார்ட் வரையவில்லை, ப்ரொசெசர் வரைகிறது. நூவோ, ரேடியானில் இப்படி வந்தால் முதல் சந்தேகம் நோமோட்செட் மேல்: ‘கேட் /ப்ராக்/சிஎம்டிலைன்’ அடித்து அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

12. ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு கறுப்புத் திரை

பதற்றத்தில் முழு லினக்ஸையும் திரும்பப் போடாதீர்கள். இந்த ஒழுங்கில் பாருங்கள்.

கேபிள் எந்தத் துளையில் இருக்கிறது? சிரிக்க வேண்டாம், கேபிள் போர்டில், டிரைவர் கார்டில் என்பது அடிக்கடி நடப்பது.

கொன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வந்து பெயர் கேட்டால் மெஷின் நலம், கிராபிக்ஸ் மட்டும் எழவில்லை. உள்ளே நுழைந்து ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ பாருங்கள்.

அதுவும் வராவிட்டால் மெஷினை மறுபடி ஏற்றும்போது ஷிஃப்ட் அழுத்திப் பிடியுங்கள், யுஇஎஃப்ஐ மெஷினில் எஸ்கேப். கிரப் மெனுவில் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் திரை வந்தால், பழுது புதிய கர்னலுக்கான கம்பைலில்தான். இதனால்தான் பழைய கர்னல் ஒன்றை எப்போதும் விட்டு வைக்க வேண்டும். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று எல்லாவற்றையும் வழித்துத் துடைக்காதீர்கள்.

எதுவும் சரிவராவிட்டால் ரிகவரி மோட்டில் போய் ‘ஆப்ட் பர்ஜ் என்விடியா-டிரைவர்-390’, அடுத்து ‘ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்’. ‘/இடிசி/எக்ஸ்11/எக்ஸோர்க்.கொன்ஃப்’ கோப்பு இருந்தால் பெயரை மாற்றி ஒதுக்குங்கள், எக்ஸ் பெரிய எழுத்தில். ‘/இடிசி/மொட்ப்ரோப்.டி’ கோப்புறையில் நூவோவைத் தடுக்கும் வரி எஞ்சியிருக்கிறதா பார்த்து நீக்கி, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ ஓட்டுங்கள். தடுப்பு வரியை விட்டுவிட்டால் என்விடியாவும் இல்லை, நூவோவும் இல்லை என்ற நடுத்தெரு நிலை.

13. கர்னலை மாற்றியே ஆக வேண்டிய நாள் வந்தால்

புதிய கர்னலைப் பழையதற்குப் பக்கத்தில் நிறுவுங்கள், பழையதை நீக்க வேண்டாம். டிகேஎம்எஸ் நிலவரம் பாருங்கள். ‘இன்ஸ்டோல்ட்’ என்றால் அட்வான்ஸ்ட் மெனு வழியாக ஒருமுறை அதில் ஏறி, வீடியோ ஓட்டி, ஸ்லீப் போட்டு எழுப்பிப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் அதையே இயல்பாக வையுங்கள்.

கம்பைல் ஆகாவிட்டால், ஆர்ச் லினக்ஸ் பயனர் களஞ்சியத்தில் ‘என்விடியா-390எக்ஸ்எக்ஸ்-டிகேஎம்எஸ்’, ‘470எக்ஸ்எக்ஸ்’ பொதிகளுக்குத் தன்னார்வலர்கள் திருத்தங்கள் எழுதி வருகிறார்கள். ஆர்ச் தெரிந்தவருக்கு அது நல்ல வழி. ஏதோ ஒரு வீடியோவில் சொன்ன ஸ்கிரிப்ட்டை ரூட்டாக ஓட்டுவது வேறு, அதைச் செய்யாதீர்கள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: 340-க்கும் 390-க்கும் என்விடியாவிடமிருந்து பாதுகாப்புத் திருத்தம் வருவதில்லை. கடைக் கணக்கு, வங்கி வேலை நடக்கும் மெஷினில் நூவோவே மேல்.

கார்டை மாற்ற முடிவு செய்தால், அதே விலையில் இன்னொரு பழைய என்விடியாவை வாங்கி இந்தப் பாட்டை மறுபடி தொடங்க வேண்டாம். செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 550 கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதன் ‘ஏஎம்டிஜிபியு’ டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் டிகேஎம்எஸ் வேலை இல்லை. பெரும்பாலான 550-களுக்குத் தனிப் பவர் கேபிளும் வேண்டாம். ஒல்லியான ஒபிஸ் மெஷின் என்றால் லோ ப்ரொஃபைல் தகடு கூட வருகிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.